லினக்ஸ் பாதியில் நிற்கிறதா? மதர்போர்டை மாற்றும் முன் இன்டரப்டைப் பாருங்கள்

வேளச்சேரியில் கம்ப்யூட்டர் மெக்கானிக் சொன்னால் மறுபேச்சில்லாமல் நம்பப்படும் வாக்கியம் ஒன்று உண்டு: "போர்டு போயிடுச்சு சார், தண்ணி பட்டிருக்கும்." 2015 டிசம்பரிலும் 2023 டிசம்பரிலும் இங்கே பல தெருக்களில் தரைத்தள வீடுகளுக்குள் வெள்ளம் புகுந்தது. மேஜைக்குக் கீழே வைத்திருந்த சி.பி.யூ. பெட்டிகள் எத்தனையோ வீணாயின. அதனால் தண்ணீர் என்ற காரணத்தைச் சொன்னாலே போதும், பர்ஸைத் திறந்துவிடுகிறோம்.

எங்கள் அடுக்குமாடியில் எதிர் வீட்டு சாருக்கும் அதுதான் நடந்தது. பேத்தி படிப்பதற்காக ரிச்சி தெருவில் பழைய டெஸ்க்டாப் ஒன்று வாங்கி வந்தார். நான்கு கோர் பிராசசர், 8 ஜி.பி. ரேம், 2012 வாக்கில் வந்த மதர்போர்டு. விண்டோஸ் 10க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14ஆம் தேதியோடு முடிந்துவிட்டது. விண்டோஸ் 11ஐ இந்தக் கம்ப்யூட்டர் ஏற்காது. எனவே புதிய எஸ்.எஸ்.டி. ஒன்றைப் போட்டு லினக்ஸ் மின்ட் ஏற்றிக்கொள்ளலாம் என்று பென் டிரைவைச் செருகினார். லோகோ வந்தது. அதோடு சரி. மவுஸும் அசையவில்லை, கீபோர்டும் வேலை செய்யவில்லை. பக்கத்துக் கடையில் காட்டியபோது, போர்டு போய்விட்டது, மாற்ற 4,500 ரூபாய் ஆகும் என்றார்கள்.

போர்டு போகவில்லை. அந்தப் பெட்டிக்குள் எல்லா பாகமும் நன்றாகவே இருந்தது, ஒரே ஒரு பழைய கார்டைத் தவிர. என்ன நடந்தது என்பதைப் புரிந்துகொள்ள இன்டரப்ட் என்றால் என்ன, அதை ஆபரேட்டிங் சிஸ்டம் எப்படிக் கையாளுகிறது என்று முதலில் பார்த்துவிடலாம். கொஞ்சம் உள்ளே போகும் விஷயம்தான். ஆனால் புதிதாகக் கம்ப்யூட்டர் வாங்கியவர்களுக்கும் புரியாத விஷயம் இல்லை.

கதவு மணி

பால்காரர் வந்துவிட்டாரா என்று ஐந்து நிமிடத்துக்கு ஒரு முறை கதவைத் திறந்து பார்ப்பது ஒரு வழி. காலிங் பெல் வைத்துவிட்டு நம் வேலையைப் பார்ப்பது இன்னொரு வழி. பிராசசரும் இப்படித்தான். நீங்கள் ஒரு எழுத்தைத் தட்டினீர்களா, மவுஸை நகர்த்தினீர்களா, ஹார்ட் டிஸ்க் கேட்ட தகவலைக் கொண்டு வந்துவிட்டதா என்று ஒவ்வொன்றையும் ஓடி ஓடிப் பார்த்துக்கொண்டிருந்தால் வேறு வேலை நடக்காது. எனவே ஒவ்வொரு சாதனமும் தனக்கு வேலை வரும்போது மணி அடிக்கிறது. பிராசசர் செய்துகொண்டிருந்ததை அப்படியே நிறுத்தி, மணி அடித்தவரைக் கவனித்துவிட்டு, விட்ட இடத்திலிருந்து தொடர்கிறது. இந்த மணிதான் இன்டரப்ட். எந்த மணி என்று சொல்லும் எண்ணுக்கு ஐ.ஆர்.க்யூ. எண் என்று பெயர்.

சாதனங்கள் பல, பிராசசர் ஒன்று. எல்லோரும் நேராகப் பிராசசரின் காதில் மணி அடிக்க முடியாது. நடுவில் ஒரு வாட்ச்மேன் வேண்டும். யார் வந்திருக்கிறார், யாரை முதலில் விடுவது, யாரைக் காத்திருக்கச் சொல்வது என்று தீர்மானிப்பவர் அவர். அவர் பெயர் இன்டரப்ட் கன்ட்ரோலர்.

1981இல் வந்த ஐ.பி.எம். பி.சி.யில் இந்த வேலையை இன்டெலின் 8259ஏ என்ற சிப் செய்தது. அதற்கு எட்டு வயர்கள். 1984இல் வந்த ஏ.டி. மாடலில் இரண்டாவது 8259ஐச் சேர்த்தார்கள். இரண்டாவது சிப்பை முதல் சிப்பின் 2ஆம் வயரில் தொங்கவிட்டதால் ஒரு வயர் அதற்கே போய்விட்டது, மிச்சம் 15. இந்தப் பதினைந்தில் டைமருக்கு 0, கீபோர்டுக்கு 1, கடிகாரத்துக்கு 8, ஐ.டி.இ. டிஸ்க்குக்கு 14ம் 15ம் என்று பெரும்பாலானவை முன்கூட்டியே பட்டா போட்டுக் கொடுக்கப்பட்டவை. 1990களில் சவுண்ட் கார்டு வாங்கியவர்கள் எந்த எண் காலியாக இருக்கிறது என்று தேடி, கார்டின் மேல் இருக்கும் சின்னஞ்சிறு ஜம்பரை இடம் மாற்றிச் செருகினார்கள். 5 காலியாக இருந்தால் அதிர்ஷ்டம்.

வி.எஸ்.என்.எல். டயல்-அப் காலத்தில் இன்டர்நெட் பயன்படுத்தியவர்களில் சிலருக்கு ஒரு விசித்திரம் நினைவிருக்கலாம். மோடம் டயல் செய்யத் தொடங்கியதும் மவுஸ் உறைந்துவிடும். லைனைத் துண்டித்தால் மவுஸுக்கு உயிர் வந்துவிடும். காரணம் இதுதான்: மவுஸ் காம்1 போர்ட்டில், உள்ளே பொருத்திய மோடம் காம்3யில்; இரண்டுக்கும் ஐ.ஆர்.க்யூ. 4. ஒரே மணிக்கு இரண்டு வீட்டுக்காரர்கள். அப்போதும் பல பேர் மவுஸை மாற்றிப் பார்த்தார்கள், மோடத்தை மாற்றிப் பார்த்தார்கள். மாற்ற வேண்டியிருந்தது எண்ணை மட்டும்தான்.

மணி அடிப்பதில் இரண்டு விதம்

இதைத் தெரிந்துகொண்டால் பின்னால் வரும் கதை எளிதில் விளங்கும். பழைய ஐ.எஸ்.ஏ. கார்டுகள் "டிங்" என்று ஒரு முறை பட்டனைத் தட்டிவிட்டு நிற்கும். அந்த நேரத்தில் இன்னொருவரும் தட்டினால் இரண்டும் ஒரே "டிங்" ஆகிவிடும். ஒருவர் வந்ததே தெரியாமல் போகும். அதனால் ஒரே மணியை இரண்டு பேர் பகிர்ந்துகொள்வது சிரமம். பின்னர் வந்த பி.சி.ஐ. கார்டுகள் வேறு முறையைக் கடைப்பிடித்தன. கதவு திறக்கும் வரை பட்டனிலிருந்து விரலை எடுப்பதில்லை. ஒரு மணியை நான்கு பேர் பகிர்ந்தாலும், ஒருவரைக் கவனித்த பிறகும் மணி நிற்காவிட்டால் அடுத்த ஆள் காத்திருக்கிறார் என்று தெரிந்துவிடும்.

நல்ல முறைதான். ஆனால் வந்தவர் போன பிறகும் பட்டன் உள்ளேயே சிக்கிக்கொண்டால்? மணி அடித்துக்கொண்டே இருக்கும். அதற்குப் பிறகு வருவோம்.

ஏபிக்கும் ஏ.சி.பி.ஐ.யும்

பதினைந்து வயர் போதாது என்பதாலும், ஒன்றுக்கு மேற்பட்ட பிராசசர்கள் வந்ததாலும், இன்டெல் புதிய வாட்ச்மேனைக் கொண்டு வந்தது. அதன் பெயர் ஏபிக். இதில் இரண்டு பகுதிகள். ஒவ்வொரு பிராசசருக்குள்ளும் இருப்பது லோக்கல் ஏபிக். மதர்போர்டில் சாதனங்களின் வயர்களை வாங்கிக்கொள்வது ஐ.ஓ. ஏபிக். வழக்கமான ஐ.ஓ. ஏபிக்குக்கு 24 வயர்கள், 0 முதல் 23 வரை. உங்கள் கம்ப்யூட்டரில் 16 அல்லது அதற்கு மேற்பட்ட ஐ.ஆர்.க்யூ. எண் தென்பட்டால் பழைய 8259 இல்லை, ஏபிக்தான் வேலை செய்கிறது என்று தெரிந்துகொள்ளலாம்.

24 வயர்கள் இருந்தால் மட்டும் போதாது. எந்த ஸ்லாட்டின் வயர் எந்த எண்ணில் வந்து சேருகிறது, அது ஒரு முறை தட்டும் மணியா, விரலை எடுக்காத மணியா என்பதை ஆபரேட்டிங் சிஸ்டத்துக்கு யாராவது சொல்ல வேண்டும். மதர்போர்டுக்கு மதர்போர்டு வயரிங் வேறு. இதைச் சொல்வது பயாஸ். அடுக்குமாடி வாசலில் "முதல் மாடி ஏ, முதல் மாடி பி" என்று பட்டன் பக்கத்தில் ஒட்டியிருக்கும் அட்டையைப் போல, பயாஸ் சில பட்டியல்களை மெமரியில் எழுதி வைக்கிறது. 1990களின் நடுவில் இதற்கு மல்டிபிராசசர் டேபிள் என்ற முறை இருந்தது. 1996 டிசம்பரில் வெளியான ஏ.சி.பி.ஐ. விதிமுறை அதன் இடத்தைப் பிடித்தது. ஏபிக், ஏ.சி.பி.ஐ. என்று எழுத்துகள் இடம் மாறிய இந்த இரண்டு பெயர்களையும் குழப்பிக்கொள்ளாதவர்கள் குறைவு. ஏபிக் என்பது வாட்ச்மேன், ஏ.சி.பி.ஐ. என்பது அவர் கையில் இருக்கும் அட்டை. மின்சக்தி மேலாண்மையும் அதே அட்டையில்தான் எழுதியிருக்கிறது.

ஆபரேட்டிங் சிஸ்டத்தின் மையப் பகுதியான கெர்னல் பூட் ஆகும்போது இந்த அட்டையைப் படித்துத்தான் ஏபிக்கை அமைக்கிறது. அட்டை சரியாக இருந்தால் எல்லாம் நலம். அட்டையில் தப்பாக எழுதியிருந்தால் மூன்றாம் மாடி பட்டனைத் தட்டினால் இரண்டாம் மாடியில் மணி அடிக்கும். பாகங்கள் அனைத்தும் நல்ல நிலையில் இருந்தும் கம்ப்யூட்டர் பாதியில் நிற்பதற்கு இது ஒரு பெரிய காரணம்.

அட்டை தப்பாக இருந்தால் அதைத் தயாரிப்பாளர் உடனே கண்டுபிடித்துவிட மாட்டாரா என்று கேட்கலாம். பெரும்பாலான போர்டுகளும் லேப்டாப்களும் விண்டோஸை வைத்துச் சோதிக்கப்படுகின்றன. விண்டோஸ் ஓடிவிட்டால் சோதனை முடிந்தது. விண்டோஸ் படிக்காத ஒரு வரியில் தவறு இருந்தால் யார் கண்ணிலும் படாது. அதே வரியை லினக்ஸ் நம்பிப் படிக்கும், மாட்டிக்கொள்ளும்.

விண்டோஸ் மட்டும் தப்பித்ததா?

இல்லை. எக்ஸ்.பி. காலத்தில் இது இன்னும் மோசம். எக்ஸ்.பி. இன்ஸ்டால் ஆகும்போதே "இந்தக் கம்ப்யூட்டரில் ஏபிக் இருக்கிறதா" என்று பார்த்து, அதற்குத் தகுந்த ஹால் என்ற பைலை மட்டும் ஹார்ட் டிஸ்க்கில் வைத்துக்கொள்ளும். பிறகு பயாஸில் போய் ஏபிக் மோடை மாற்றினாலோ, வேறு வகை மதர்போர்டில் அந்த ஹார்ட் டிஸ்க்கைப் பொருத்தினாலோ பூட் ஆகாது. போர்டை மாற்றியவுடன் எக்ஸ்.பி.யையும் மறுபடி இன்ஸ்டால் செய்ய வேண்டிவந்ததற்கு முக்கியக் காரணங்களில் இதுவும் ஒன்று. விஸ்டாவிலிருந்து விண்டோஸ் பூட் ஆகும்போதே தகுந்த ஹாலைத் தேர்ந்தெடுக்கக் கற்றுக்கொண்டது. இன்றைக்கும் யாராவது பழைய கணக்கு சாஃப்ட்வேருக்காக எக்ஸ்.பி. வைத்திருந்தால், பயாஸில் அந்த ஒரு வரியைத் தொடாமல் இருப்பது நல்லது.

லினக்ஸிலோ 2000களின் தொடக்கத்தில் வேறு மாதிரி தொல்லை. கெர்னலைத் தாமே கம்பைல் செய்பவர்கள், ஒற்றைப் பிராசசர் கம்ப்யூட்டரில் லோக்கல் ஏபிக்கையும் ஐ.ஓ. ஏபிக்கையும் சேர்ப்பதா வேண்டாமா என்று முடிவு செய்ய வேண்டியிருந்தது. சேர்த்தால் சில போர்டுகளில் வேகம் கூடும். சிலவற்றில் திடீரென்று உறைந்துவிடும். அந்த நாட்களில் சென்னை லினக்ஸ் பயனர் குழு ஐ.ஐ.டி. வளாகத்தில் மாதாமாதம் கூடியது. சந்தேகம் உள்ளவர்கள் அங்கே போய்க் கேட்கலாம் என்பது நம் பக்கத்துக்காரர்களுக்குக் கிடைத்த ஒரு வசதி. இப்போதைய 64 பிட் கெர்னல்களில் ஏபிக் எப்போதும் சேர்ந்தே வருகிறது. கம்பைல் செய்ய வேண்டாம். தேவைப்பட்டால் பூட் ஆகும்போது ஒரு சொல்லைச் சேர்த்து நிறுத்தி வைக்கலாம்.

கெர்னலிடம் சொல்ல வேண்டிய சொற்கள்

பென் டிரைவிலிருந்து பூட் செய்யும்போது கிரப் மெனு வரும். முதல் வரியை என்டர் செய்யாமல், அதன் மீது நிறுத்திக்கொண்டு கீபோர்டில் 'ஈ' எழுத்தைத் தட்டுங்கள். ஒரு சிறிய எடிட்டர் திறக்கும். அதில் லினக்ஸ் என்று தொடங்கும் நீளமான வரியைத் தேடுங்கள். அதன் முடிவில் கொயட், ஸ்பிளாஷ் என்ற இரண்டு சொற்கள் இருக்கும்.

முதலில் இந்த இரண்டையும் அழித்துவிட்டு எஃப்10 விசையைத் தட்டிப் பூட் செய்யுங்கள். கெர்னல் செய்வதையெல்லாம் வரி வரியாகத் திரையில் காட்டும். அது நிற்கும் இடத்தில் உள்ள கடைசிச் சில வரிகளை மொபைலில் போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள். நூற்றுக்கு நூறு புரியாவிட்டாலும் பரவாயில்லை. யாரிடமாவது உதவி கேட்கும்போது இந்தப் போட்டோதான் பேசும். "லோகோவில் நிற்கிறது" என்று மட்டும் சொன்னால் யாராலும் ஒன்றும் சொல்ல முடியாது.

அடுத்து, கீழே சொல்லும் சொற்களில் ஒன்றை மட்டும் அதே வரியின் முடிவில், ஓர் இடைவெளி விட்டு, ஆங்கிலச் சின்ன எழுத்துகளில் சேர்த்துப் பாருங்கள். இப்படிச் சேர்ப்பது அந்த ஒரு முறை பூட் ஆவதற்கு மட்டும்தான். ரீஸ்டார்ட் செய்தால் மறைந்துவிடும். எனவே தைரியமாகச் செய்யலாம்.

நோஏபிக் என்பது முதல் சொல்: என், ஓ, ஏ, பி, ஐ, சி ஆகிய ஆறு எழுத்துகள். ஐ.ஓ. ஏபிக்கை விட்டுவிட்டுப் பழைய 8259 முறைக்கே போ என்று அர்த்தம். புதிய அட்டையில் தவறு இருந்தாலும் பழைய பதினைந்து வயர் ஏற்பாடு பெரும்பாலும் சரியாகவே இருக்கும். இதில் கம்ப்யூட்டர் எழுந்துவிட்டால், கோளாறு வயரிங் விவரத்தில் இருக்கிறது, பாகத்தில் இல்லை என்று ஓரளவு உறுதியாகச் சொல்லலாம். இதற்கு விலையும் உண்டு. மணிகள் எல்லாம் ஒரே கோர் மீது விழும். பல சாதனங்கள் ஒரே எண்ணில் நெருக்கியடித்து உட்காரும்.

இதோடு 'எல்' என்ற எழுத்தைச் சேர்த்து நோலேபிக் என்று எழுதும் சொல்லும் உண்டு: என், ஓ, எல், ஏ, பி, ஐ, சி. பார்க்க ஒன்றுபோல் இருக்கும், விளைவு வேறு. இது பிராசசருக்குள் இருக்கும் லோக்கல் ஏபிக்கையே நிறுத்திவிடும். அது இல்லாமல் கோர்கள் ஒன்றோடொன்று பேச முடியாது என்பதால் நான்கு கோர் பிராசசர் ஒரே கோரில் ஓடும். இணையத்தில் யாரோ சொன்னதைப் பார்த்து இதைப் போட்டுவிட்டு, "லினக்ஸ் ரொம்ப ஸ்லோ" என்று குறைப்பட்டுக்கொள்பவர்களைப் பார்த்திருக்கிறேன்.

ஏ.சி.பி.ஐ. என்று எழுதி, சமக்குறி போட்டு, ஆஃப் என்று எழுதுவது இன்னொன்று. இது அட்டையையே தூக்கிப் போடுவதற்குச் சமம். லேப்டாப்பில் பேட்டரி அளவு தெரியாது. ஃபேன் வேகமும் சரியாக இயங்காமல் போகலாம். புதிய கம்ப்யூட்டர்கள் பூட் ஆகாமலே போகலாம். வேறு எதுவும் பலிக்காதபோது, என்ன கோளாறு என்று கண்டுபிடிப்பதற்காக மட்டும் இதைப் பயன்படுத்தலாம்.

கடைசியாக ஐ.ஆர்.க்யூ. போல் என்பது: ஐ, ஆர், க்யூ, பி, ஓ, எல், எல், இடைவெளி இல்லாமல். எந்த மணி அடித்தாலும் எல்லா வீட்டுக் கதவையும் திறந்து பார் என்று கெர்னலுக்குச் சொல்வது இது. மெதுவான வழி. ஆனால் எதிர் வீட்டு சாரின் கம்ப்யூட்டரில் குட்டை உடைத்தது இதுதான்.

16ஆம் எண்ணில் யார்?

கொயட், ஸ்பிளாஷ் இரண்டையும் நீக்கிப் பூட் செய்தபோது திரையில் வந்த கடைசி வரிகளில் ஒன்று: "ஐ.ஆர்.க்யூ. 16: நோபடி கேர்ட்". யாரும் கண்டுகொள்ளவில்லை என்று கெர்னல் வருத்தப்படுகிறது. அதே வரியிலேயே ஐ.ஆர்.க்யூ. போல் போட்டுப் பூட் செய்து பாருங்கள் என்ற ஆலோசனையும் இருந்தது. சற்றுக் கீழே, 16ஆம் எண்ணை நிறுத்தி வைக்கிறேன் என்ற வரி.

இதன் பொருள்: 16ஆம் மணி அடித்துக்கொண்டே இருக்கிறது. கெர்னல் அந்த எண்ணில் உள்ள ஒவ்வொரு சாதனத்தின் டிரைவரையும் கேட்கிறது. "நான் இல்லை", "நானும் இல்லை" என்று எல்லோரும் சொல்கிறார்கள். கெர்னல் இதற்கு ஒரு கணக்கு வைத்திருக்கிறது. ஒரு லட்சம் மணிகளில் 99,900க்கு மேல் கேட்பாரற்றுப் போனால் அந்த வயரையே துண்டித்துவிடும். இல்லாவிட்டால் கதவைத் திறந்து மூடுவதிலேயே பிராசசரின் நேரம் போய்விடும். கெர்னல் செய்தது சரிதான். ஆனால் அதே 16ஆம் எண்ணில் யு.எஸ்.பி. கன்ட்ரோலரும் இருந்தது! கீபோர்டு, மவுஸ் இரண்டும் யு.எஸ்.பி.யில், லினக்ஸ் இருந்த பென் டிரைவும் யு.எஸ்.பி.யில். வயர் துண்டிக்கப்பட்டதும் மூன்றும் சேர்ந்து நின்றன. பார்ப்பவருக்கு போர்டு செத்துவிட்டது போலத் தோன்றும்.

ஐ.ஆர்.க்யூ. போல் சொல்லைச் சேர்த்ததும் மெதுவாக, ஆனால் முழுசாக, டெஸ்க்டாப் வந்தது. அங்கே டெர்மினலைத் திறந்து 'கேட்' என்ற கட்டளையையும், ஓர் இடைவெளிக்குப் பின் ப்ராக் போல்டரில் உள்ள இன்டரப்ட்ஸ் என்ற பைலின் பெயரையும் கொடுத்தோம். ஒவ்வொரு ஐ.ஆர்.க்யூ. எண்ணும், அது எத்தனை முறை அடித்தது என்பதும், வலது ஓரத்தில் அதைப் பயன்படுத்தும் டிரைவர்களின் பெயர்களும் அட்டவணையாக வரும். 16க்கு நேரே எண்ணிக்கை லட்சக்கணக்கில் ஓடிக்கொண்டிருந்தது. வலது ஓரத்தில் இரண்டு பெயர்கள். ஒன்று யு.எஸ்.பி. மற்றது டி.வி. டியூனர் கார்டு.

ஆம், டி.வி. டியூனர். யாரோ முன்னாள் உரிமையாளர் கேபிள் டி.வி.யைக் கம்ப்யூட்டரில் பார்ப்பதற்காகப் பி.சி.ஐ. ஸ்லாட்டில் போட்ட கார்டு, அப்படியே கைமாறி வந்திருக்கிறது. அந்தக் காலகட்டத்து மதர்போர்டுகள் பலவற்றில் சிப்செட்டிலேயே பி.சி.ஐ. வசதி இருக்காது. பி.சி.ஐ. எக்ஸ்பிரஸிலிருந்து பழைய பி.சி.ஐ.க்கு மாற்றித்தர ஒரு சிறிய பிரிட்ஜ் சிப் வைத்திருப்பார்கள். கார்டு மணியை விட்டுவிட்ட பிறகும் "விட்டாயிற்று" என்ற செய்தியைச் சில பிரிட்ஜ் சிப்கள் மேலே சொல்லத் தவறும். பட்டன் உள்ளேயே சிக்கிக்கொள்கிறது என்று முன்னே சொன்னேனே, அதுதான்.

ஸ்க்ரூ டிரைவரை எடுத்து டியூனர் கார்டைக் கழற்றினோம். எந்தச் சொல்லையும் சேர்க்காமல் பூட் செய்தோம். முழு வேகத்தில் வந்தது. செலவு ஒன்றும் இல்லை.

கவனிக்க: முதல் முயற்சியிலேயே மின்ட் மெனுவில் உள்ள கம்பாட்டிபிலிட்டி மோட் என்ற வரியைத் தேர்ந்தெடுத்திருந்தாலும் இது எழுந்திருக்கக்கூடும். மின்ட்டின் முந்தைய பதிப்புகளில் அந்த வரிக்குள்ளேயே நோஏபிக், ஐ.ஆர்.க்யூ. போல் இரண்டும் சேர்த்து எழுதப்பட்டிருந்தன. கூடவே கிராபிக்ஸ் கார்டுக்கான நோமோட்செட் என்ற சொல்லும் இருந்தது. வசதிதான். ஆனால் மூன்று மருந்தை ஒன்றாகக் கொடுத்தால் எது கேட்டது என்று தெரியாது. எனவே அதில் எழுந்துவிட்டால் அதோடு விடாமல், சொற்களை ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்த்து எது என்று கண்டுபிடித்துவிடுங்கள்.

உண்மை சொன்ன பயாஸ்

அட்டைதான் எப்போதும் தப்பு என்று நினைக்க வேண்டாம். 2022இல் நேர் எதிரான ஒன்று நடந்தது. அசூஸ் விவோபுக் கே3402இசட்ஏ, கே3502இசட்ஏ என்ற லேப்டாப்களில் லினக்ஸ் ஏற்றினால் கீபோர்டு வேலை செய்யவில்லை. கிரப் மெனுவில் வேலை செய்கிறது, பயாஸிலும் வேலை செய்கிறது, லினக்ஸுக்குள் போனதும் செத்துவிடுகிறது!

கீபோர்டுக்கு இன்றைக்கும் ஐ.ஆர்.க்யூ. 1தான். 1981லிருந்து வரும் பழக்கம். அந்தப் பழைய கீபோர்டு ஒரு முறை தட்டும் வகை, சிக்னல் உயர்ந்தால் மணி. இந்த லேப்டாப்களின் அட்டையிலோ, சிக்னல் தாழ்ந்தால்தான் மணி என்று எழுதியிருந்தது. கெர்னல் அதைப் படித்துவிட்டு, "பயாஸ்காரர்கள் வழக்கம்போல் தப்பாக எழுதியிருக்கிறார்கள்" என்று நினைத்து, பழைய முறைக்கே திருத்திக்கொண்டது. இந்த முறை அட்டை சொன்னதுதான் உண்மை. பல ஆண்டுகளாகப் பொய்யைப் படித்துப் பழகியவர் உண்மையையும் நம்பவில்லை!

தீர்வு சுவாரஸ்யமானது. இந்த மாடல்களின் பெயர்களைக் கெர்னலுக்குள் ஒரு பட்டியலில் எழுதி, "இவற்றில் மட்டும் திருத்தாதே" என்று சொல்லிவிட்டார்கள். பிறகு வேறு கம்பெனிகளின் மாடல்களும் அந்தப் பட்டியலில் சேர்ந்தன. எனவே புதிய லேப்டாப்பில் லினக்ஸ் ஏற்றியதும் கீபோர்டு மட்டும் வேலை செய்யவில்லை என்றால், சர்வீஸ் சென்டருக்கு ஓடாதீர்கள். ஒரு யு.எஸ்.பி. கீபோர்டைச் செருகி, அப்டேட் கொடுத்துக் கெர்னலைப் புதுப்பியுங்கள். பல நேரங்களில் அடுத்த பூட்டில் கீபோர்டு எழுந்துவிடும். பழைய பதிப்புப் பென் டிரைவில் இருக்கிறது என்பதற்காக அதையே ஏற்றுவது புதிய லேப்டாப்புக்கு ஏற்றதல்ல. பழைய டெஸ்க்டாப்புக்கு வேண்டுமானால் பரவாயில்லை.

மணிக்குப் பதில் எஸ்.எம்.எஸ்.

இன்று வரும் கம்ப்யூட்டர்களில் இந்தத் தொல்லை குறைவு. பி.சி.ஐ. எக்ஸ்பிரஸ் சாதனங்கள் வயரில் மணி அடிப்பதை ஏறக்குறைய விட்டுவிட்டன. மெமரியில் ஒரு குறிப்பிட்ட முகவரியில் ஒரு எண்ணை எழுதினால் அதுவே மணி. காலிங் பெல்லுக்குப் பதில் எஸ்.எம்.எஸ். அனுப்புவது போல. இதற்கு எம்.எஸ்.ஐ. என்று பெயர். ஒவ்வொருவரும் தனி எண்ணில் அனுப்புவதால் பகிர்ந்துகொள்ள வேண்டிய கட்டாயமும் இல்லை.

விண்டோஸ் வைத்திருப்பவர்களும் இதைப் பார்க்கலாம். டிவைஸ் மேனேஜரைத் திறந்து, வியூ மெனுவில் ரிசோர்சஸ் பை டைப் என்பதைத் தேர்ந்தெடுத்து, இன்டரப்ட் ரிக்வெஸ்ட் என்பதை விரியுங்கள். மைனஸ் குறியோடு சில எண்கள் இருக்கும். பயப்பட வேண்டாம், அவை எஸ்.எம்.எஸ். முறையில் வருபவை. மைனஸ் இல்லாதவை இன்னும் வயரில் இருப்பவை. எல்லாம் வயரில் இருக்கும் கம்ப்யூட்டர் என்றால் அது மிகப் பழசு.

ஆனால் லேப்டாப்பின் கீபோர்டும் டச்பேடும் இன்னும் வயரில்தான் மணி அடிக்கின்றன. அசூஸ் கதை 2022இல் நடந்ததற்கு அதுதான் காரணம்.

ஐ.ஐ.டி.யில் எப்படிச் செய்திருக்கிறார்கள்?

8259இன் மேல் ஏபிக், அதன் மேல் எம்.எஸ்.ஐ. என்று நாற்பது வருடமாக மாடிமேல் மாடி கட்டாமல், முதலிலிருந்து தொடங்கினால் எப்படி இருக்கும்? அதைப் பார்க்க வெளிநாடு போக வேண்டாம். வேளச்சேரியை ஒட்டிய ஐ.ஐ.டி. வளாகத்தில் பேராசிரியர் வி. காமகோடி தலைமையிலான குழு உருவாக்கிய சக்தி பிராசசர், ரிஸ்க்-5 என்ற திறந்த விதிமுறையில் அமைந்தது. 2018இல் முதல் சிப்கள் வந்தன. அவற்றில் ஒன்று சண்டிகரை ஒட்டிய மொஹாலியில் உள்ள அரசு செமிகண்டக்டர் ஆலையில் தயாரானது. 2020இல் மௌஷிக் என்ற சிப் வந்தது. 2025இல் இஸ்ரோவோடு சேர்ந்து உருவாக்கிய ஐரிஸ் சிப்பும் சக்தியை அடிப்படையாகக் கொண்டதுதான்.

ரிஸ்க்-5 உலகின் வாட்ச்மேனுக்கு பிளிக் என்று பெயர். இதில் 1,023 மணிகள் வரை இருக்கலாம். பழைய பி.சி.யின் பழக்கம் எதையும் இது சுமக்கவில்லை. கீபோர்டுக்கு 1 என்ற பட்டா கிடையாது. அட்டை மட்டும் இங்கேயும் உண்டு. டிவைஸ் ட்ரீ என்ற பைலில், எந்தச் சாதனம் எந்த எண்ணில் மணி அடிக்கிறது என்று போர்டை வடிவமைப்பவர் எழுதித் தருகிறார். லினக்ஸ் கெர்னல் அதைப் படிக்கிறது. அதில் ஒரு எண்ணைத் தப்பாக எழுதினால் அந்தச் சாதனம் பேசாது. ஆனால் அந்தப் பைலைத் திறந்து பார்க்கலாம், திருத்தலாம். பயாஸுக்குள் பூட்டி வைக்கப்பட்ட அட்டையைவிட இது எவ்வளவோ மேல் என்பது என் கருத்து.

நிரந்தரமாகப் போட வேண்டுமா?

நோஏபிக் போட்டால் மட்டுமே ஓடுகிறது என்றால், அதை உடனே நிரந்தரமாக்கிவிட வேண்டாம். முதலில் பெட்டிக்குள் தேவையில்லாத பழைய கார்டு இருந்தால் கழற்றிப் பாருங்கள். அடுத்து, மதர்போர்டு தயாரிப்பாளரின் இணையதளத்தில் உங்கள் மாடலுக்குப் புதிய பயாஸ் இருக்கிறதா என்று தேடுங்கள். தவறான அட்டையைத் திருத்த நேரான வழி அதுதான். பயாஸை அப்டேட் செய்யும்போது கரன்ட் போனால் போர்டு நிஜமாகவே போய்விடும், யு.பி.எஸ். இல்லாமல் தொடாதீர்கள். மாடல் எண்ணை இரண்டு முறை சரிபாருங்கள்.

இரண்டும் பலிக்கவில்லை என்றால் அந்தச் சொல்லை நிரந்தரமாகச் சேர்க்கலாம். மின்ட், உபுண்டு, சி-டாக்கின் பாஸ் லினக்ஸ் ஆகிய மூன்றுமே டெபியன் வழி வந்தவை என்பதால் முறை ஒன்றுதான். இ.டி.சி. போல்டருக்குள் டீஃபால்ட் போல்டரில் கிரப் என்ற பைலை நிர்வாகி உரிமையோடு திறங்கள். கொயட் ஸ்பிளாஷ் என்று மேற்கோள் குறிகளுக்குள் இருக்கும் வரியில், குறி முடிவதற்கு முன் அந்தச் சொல்லைச் சேர்த்துச் சேமியுங்கள். பிறகு டெர்மினலில் சூடோ சேர்த்து அப்டேட்-கிரப் என்ற கட்டளையைக் கொடுங்கள். ஆறு மாதத்துக்கு ஒரு முறை, கெர்னல் புதுப்பிக்கப்பட்ட பிறகு, கிரப் மெனுவில் 'ஈ' தட்டி அந்தச் சொல்லை நீக்கிப் பூட் செய்து பாருங்கள். ஓடிவிட்டால் பைலிலிருந்தும் எடுத்துவிடலாம்.

சாரின் டியூனர் கார்டு இப்போது என் மேஜை டிராயரில் இருக்கிறது. கடைக்காரரிடம் காட்டினோம். திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "இதுலயா சார் தண்ணி பட்டிருக்கு?" என்றார்.